மலையடியில் ஒரு சக்கர வீடு

இரண்டு பருவமழைகளில் நனைந்த டிரெய்லரை ஜனவரிக்குள் தயார் செய்வது சின்ன வேலை இல்லை. போனக்காடு போன்ற இடத்துக்கு என்றால் இன்னும் கஷ்டம்.

விதுரையைத் தாண்டியதும் சாலை மெலிகிறது. காணித்தடம் வனச்சாவடியைக் கடந்து ஏறினால் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் பள்ளம். எதிரே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து வந்துவிட்டால் ஜீப்காரர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியதுதான். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் போனக்காட்டுக்கு இப்படித்தான் போக வேண்டும். இந்தச் சாலையில் நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரு வீட்டைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏற ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். அந்தக் கணக்கைச் சமதரையில் பழகாமல் மலையேறியவர் பேருந்துக்கு வழிவிட முடியாமல் திண்டாடிப் போவார்.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அகஸ்தியர்கூடத்துக்கு (நம் பக்கத்தில் பொதிகை என்றால்தான் பலருக்குப் புரியும்) கேரள வழியாகப் போகிற நடைப்பயணம் போனக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் பாதையைத் திறந்துவிடும். அதிருமலை முகாமில் தங்கி, உச்சிக்குப் போய்த் திரும்பி வர மூன்று நாள் பிடிக்கும். பெண்களுக்கு 2019 ஜனவரி வரை அனுமதி இல்லை. 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகே வழி திறந்தது. அதிகாலையில் அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஆனால் அருகில் தங்குவதற்கு இடம் குறைவு. அப்படியென்றால் இடத்தையே கையோடு கொண்டு போனால் என்ன என்ற யோசனை வருவது இயல்புதான்.

தமிழில் கேரவன் என்றால் இன்றைக்கும் சினிமாக்காரர்களின் சமாசாரம். படப்பிடிப்பு நடக்கும் தெருவில் ஏ.சி. இரைச்சலோடு நிற்கும், கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அதைச் சாதாரணக் குடும்பத்தின் சுற்றுலா வாகனமாக்க அண்டை மாநிலம் ஒரு முயற்சி எடுத்தது. 2021 செப்டம்பரில் கேரளம் 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்தது. வண்டியில் சோபாவாகவும் படுக்கையாகவும் மாறும் இருக்கை, பிரிட்ஜும் மைக்ரோவேவும் உள்ள சின்னச் சமையலறை, கழிப்பறை, ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே தடுப்பு என்று என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அரசே பட்டியல் போட்டது. முதல் 100 வண்டிகளுக்கு ரூ.7.5 லட்சம் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இதில் எது குறைவோ அது மானியம். கேரவன் பூங்கா அமைக்க குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டிகளாவது நிற்க இடம். 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் பூங்கா திறக்கப்பட்டது.

இதெல்லாம் எஞ்சினோடு கூடிய பெரிய வண்டிகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வேறு சாதி. இடத்தில் நிறுத்திக் கழற்றிவிட்டால் கார் தனியாகப் போய் வரலாம் என்பது அதன் பெரிய லாபம். போனக்காட்டைப் பொறுத்தவரை அந்த லாபம்தான் முக்கியம். டிரெய்லரை விதுரைப் பக்கமே வேலி போட்ட ஒரு தனியார் தோட்டத்தில் சொல்லிவிட்டு நிறுத்தலாம், மேலே காரில் போகலாம். பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய இந்தக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் வழியோரம் இரவு தங்க முடியாது. யானை நடமாடும் இடத்தில் தங்குவதற்கு ஆசைப்படவும் கூடாது.

சக்கர வீட்டில் ஊர் சுற்றும் மோகம் வெளிநாட்டில் பழையது. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், கப்பல் படையில் வேலை பார்த்தவர், பிரிஸ்டலில் ஒரு வண்டிப் பட்டறையில் சொல்லிக் குதிரை இழுக்கும் வீடு ஒன்றைக் கட்டினார். 'வாண்டரர்' என்று பெயர் வைத்து அதில் பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். எடை ஏறக்குறைய இரண்டு டன். குதிரைகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1930களில் வாலி பயாம் வெள்ளிபோல மினுங்கும் அலுமினிய டிரெய்லர்களைக் கட்டத் தொடங்கினார். அவருடைய 'ஏர்ஸ்ட்ரீம்' வண்டிகளில் ஒன்றைத்தான் நாசா மாற்றியமைத்து, 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்தது. காற்றும் நீரும் கசியாத பெட்டி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நம் ஊர் மழைக்கும் அதே பெட்டிதான் தேவை. ஆனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பட்டறையில் கட்டித் தருவது: இரும்புச் சட்டம், பிளைவுட், மேலே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர்.

கூரையில் தொடங்கும் வினை

தெற்குக் கேரளத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டையும் கொட்டகையில் நின்றே கழித்த டிரெய்லரை டிசம்பரில் திறக்கும்போது முதலில் வரும் தகவல் வாசனை. பூஞ்சை நெடி அடித்தால் எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கட்டைவிரலால் ஜன்னல் மூலைகளையும், கூரையும் சுவரும் சேரும் இடத்தையும், கதவுக்குக் கீழே தரையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிளைவுட் மெத்தென்று உள்ளே போனால் அங்கே அழுகத் தொடங்கிவிட்டது. வெளியே ஓட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும்; உள்ளே ஒரு முழத்துக்கு மரம் மாவாகியிருக்கும். தண்ணீர் இறங்கும் இடம் ஒன்று, தலைகாட்டும் இடம் இன்னொன்று என்பதால், கறை தெரியும் இடத்தில் பூசிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அடுத்த ஆண்டும் அதே கறையைப் பார்ப்பார்கள்.

டிரெய்லரின் கூரை சும்மா இருக்கும் கூரை இல்லை. சாலையின் ஒவ்வொரு குழியிலும் மூட்டுகள் அசைகின்றன. வெயிலில் தகடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. மேலே காற்றுப்போக்கி, சூரியத் தகட்டின் கால்கள், வயர் இறங்கும் துளை என்று நாமே போட்ட ஓட்டைகள் வேறு. ஒவ்வொன்றைச் சுற்றியும் பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று ஏணி போட்டுப் பார்ப்பதுதான் ஆண்டின் முக்கியமான வேலை. கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று குளியலறை சிலிக்கானைப் பூசிவிடுகிறார்கள். அது சில காலத்தில் ஓரம் விட்டுப் பெயரும். பெயர்ந்த இடத்தில் எச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் வேறெதுவும் அதன்மேல் பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூட்டுக்குக் கீழே பியூட்டைல் பட்டை வைத்து, மேலே பாலியூரித்தேன் வகைச் சீலன்ட் பூச வேண்டும். இதைச் செய்ய ஒரு நாள் ஆகும். செய்யாமல் விட்டால் சுவரையே மாற்ற வேண்டிவரும்.

சக்கரம் சுற்றாத வருஷம்

வீட்டில் நிற்கும் காலம்தான் டிரெய்லருக்கு அதிகம் என்பதால் அதன் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. பார்வைக்குப் புது டயர்போல இருக்கும். பக்கச் சுவரில் முடிமுடியாக வெடிப்பு ஓடியிருக்கும். டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று அச்சடித்திருப்பார்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் கீழ்ப்பக்கம் தட்டையாகும். அவ்வப்போது இரண்டடி உருட்டிவிடுவது அல்லது ஆக்சிலுக்குக் கீழே கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துவது நல்லது.

அடுத்தது பேரிங். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால் கரகரப்பு காதிலேயே தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புதிதாக அடைத்துப் பூட்ட வேண்டும். இந்த வேலைக்கு லாரி பட்டறை மேஸ்திரிகளைவிட நல்ல ஆள் கிடையாது. புறப்பட்ட முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, ஹப்பில் கைவைத்துப் பார்ப்பது பழைய லாரிக்காரர் வழக்கம். ஒரு ஹப் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அதற்கு மேல் போகக் கூடாது.

பொருள்களை எங்கே வைப்பது என்பது அலங்காரப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது உயிர்ப் பிரச்சினை. டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மீது உட்கார வேண்டும் என்பது அமெரிக்கர்களின் கணக்கு. 1,000 கிலோ என்றால் 100 கிலோ. ஐரோப்பியச் சிறு வண்டிகளில் இதைவிடக் குறைவு. எந்தக் கணக்கானாலும் பின்பக்கம் கனத்தால் வண்டி வாலாட்டத் தொடங்கும். தண்ணீர் கேன், ஸ்டெப்னி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பின்கதவு அருகே அடுக்கிவிட்டு நெடுமங்காடு இறக்கத்தில் வேகமெடுத்தால், ஆடும் வால் காரையே திருப்பிவிடும். கனமானவை ஆக்சிலுக்கு மேலே, தரையோடு. இலேசானவை மேல் அலமாரியில்.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். மலையில் இறங்கும்போது அதன் அருமை தெரியும். கார் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். நம் நாட்டில் பல கார்களின் கையேட்டில் இழுவை எடை என்ற பேச்சே இருப்பதில்லை. கொக்கியை எந்தப் பட்டறையிலும் ஒட்டித் தந்துவிடுவார்கள். அந்தக் கார் அவ்வளவு எடையை இழுக்குமா, நிறுத்துமா என்பதற்கு ஒட்டித் தந்தவர் பொறுப்பாக மாட்டார். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும், பின்விளக்குகள் எரிய வேண்டும், கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகள் குறுக்காகப் போட்டிருக்க வேண்டும்.

வடகரை தந்த எச்சரிக்கை

சக்கரமும் கூரையும் சரியாக இருந்த வண்டியும் ஆளைக் கொல்லும். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடிதடி இல்லை, விஷம் குடித்த தடயமும் இல்லை. கார்பன் மோனாக்சைடு வாயுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. வாயு எப்படி உள்ளே வந்தது என்று கண்டறிய கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகை தரையிலிருந்த ஒரு துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது. ஏ.சி.க்காக ஜெனரேட்டர், ஏ.சி.க்காகவே சாத்திய ஜன்னல்கள், இரண்டும் சேர்ந்தன.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாது, விழித்திருப்பவருக்குத் தலைவலிபோலத்தான் இருக்கும். டிரெய்லர் வாங்குகிறவர்கள் டி.வி.க்கும் விளக்கு அலங்காரத்துக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அதற்கெல்லாம் முன்னால் வாங்க வேண்டியது. தரையில் வயருக்காகவும் குழாய்க்காகவும் போட்ட ஒவ்வொரு துளையையும் ஆண்டுக்கு ஒருமுறை படுத்துக்கொண்டு கீழிருந்து பார்த்து அடைக்க வேண்டும். ஜெனரேட்டர் தவிர்க்க முடியாதென்றால் வண்டியிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசையைப் பார்த்து வைக்க வேண்டும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து குளிர் காயும் பழக்கமும் இதே ஆபத்துதான். மலையில் ஜனவரி இரவின் குளிருக்கு அந்த ஆசை வரும்.

சமையல் வாயு இதற்கு நேர் எதிர் குணம். அது காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தங்கும். அதனால் சிலிண்டரை உள்ளறையிலிருந்து தடுத்த தனிப் பெட்டியில் வைத்து, பெட்டியின் அடியில் வாயு வெளியேறத் துளை விட வேண்டும். அந்தத் துளையைத் துணி வைத்து அடைப்பவர்கள் உண்டு, எலி வருகிறதாம். கம்பிவலை அடித்தால் எலியும் வராது, வாயுவும் தங்காது. 5 கிலோ சிலிண்டர் இரண்டு பேருக்குச் சில நாள் தாராளம். ஆரஞ்சு நிற சுரக்ஷா ரப்பர் குழாயில் ஆண்டு அச்சடித்திருக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குலுங்கிக்கொண்டே வந்த வண்டி என்பதால் ஒவ்வொரு முறை நிறுத்தியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை.

மின்சாரக் கணக்கு

100 ஆம்பியர்-மணி 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 600. நாலு எல்.இ.டி. விளக்குகள் மாலையெல்லாம் எரிந்தால் 100, சின்ன மின்விசிறி இரவு முழுக்க ஓடினால் 200. மீதியில் போன் சார்ஜ் செய்யலாம், ஆனால் நாளுக்கு 500 வாட்-மணி கேட்கும் கம்ப்ரஸர் பிரிட்ஜ் ஓடாது. லித்தியம் பேட்டரி என்றால் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம், விலைதான் அதிகம். ஏ.சி.யை இந்தப் பேட்டரியில் போட்டால் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

கூரையில் 200 வாட் சூரியத் தகடு போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு 800 வாட்-மணிவரை தரும் என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. அவர் சொல்லும் வெயில் இந்தப் பக்கம் கிடைக்காது. காலையில் மூடுபனி, பகலில் மர நிழல். அதில் கால் பங்கு வந்தாலே அதிகம். நிழல் தேடி வண்டியை நிறுத்துகிறவர்கள் தகட்டுக்கும் சேர்த்து நிழல் தந்துவிடுகிறார்கள். நீளமான வயரோடு கழற்றி எடுத்துத் தனியாக வெயிலில் வைக்கக்கூடிய தகடு இங்கே அதிகம் உதவும். வாயுவில் ஓடும் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை. அதில் கம்ப்ரஸர் இல்லை. உள்ளே அம்மோனியா தன் எடையிலேயே சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அந்தச் சுற்று நின்றுபோகும், குளிராது. அதனால்தான் அனுபவசாலிகள் வந்து நின்றதும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்துக்குப் பலகை கொடுத்து ஏற்றுகிறார்கள். பிறகு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, அதன் பிறகே காரைக் கழற்றுகிறார்கள். வரிசை மாறினால் வீடு தானாகவே பள்ளத்தைப் பார்க்கப் புறப்பட்டுவிடும்.

அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் வண்டியை மூன்று நாள் ஆளில்லாமல் விடுகிறார்கள். அந்த மூன்று நாளைக்கு வாயுவை சிலிண்டரிலேயே மூட வேண்டும், பேட்டரி சுவிட்சை அணைக்க வேண்டும், பிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து விட வேண்டும். பழமோ பிஸ்கட்டோ வெளியிலிருந்து தெரியும்படி இருந்தால் குரங்குகள் ஜன்னல் வலையைக் கிழித்து எடுத்துக்கொள்ளும்.

கழிவு எங்கே போகும்?

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு பேர் மூன்று நாள் சிக்கனமாகப் புழங்க 60 லிட்டர் வேண்டும். வழியெல்லாம் அந்த 60 கிலோவைச் சுமப்பதைவிட விதுரையில் நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். பாதி நிரம்பிய தொட்டி திருப்பங்களில் அலைமோதி வண்டியை ஆட்டும். ஒன்று நிரப்ப வேண்டும், இல்லையேல் காலியாக வைக்க வேண்டும்.

வந்த தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வெளியேறுகிறது. பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியில், கழிப்பறைக் கழிவு இன்னொன்றில். கொள்கையில் சொன்னபடியான பூங்காவில் அதைக் கொட்ட இணைப்பு இருக்கும். தோட்டத்து ஓரத்தில் இருக்காது. இரவில் தொட்டியின் மூடியைத் திறந்து ஓடையில் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கிறவர்கள் அந்த ஓடை எங்கே போகிறது என்று கேட்பதில்லை. இந்த மலைச் சரிவின் நீர் கரமனை ஆற்றில் சேர்கிறது. 1983இல் கட்டிய பேப்பாறை அணையில் தேங்கி, கீழே அருவிக்கரைக்கு வந்து, திருவனந்தபுரம் நகரத்தின் குழாய்களில் குடிநீராக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காட்டில் கொட்டியதைத் திங்கட்கிழமை தலைநகரவாசி குடிக்க நேரிடலாம். பெட்டிபோல உருவி எடுக்கக்கூடிய கழிப்பறைத் தொட்டி இதற்கு ஓரளவு விடை. மூடி, பூட்டி, காரில் வைத்து, ஒழுங்கான செப்டிக் தொட்டி உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பலரையும் டிரெய்லர் ஆசையிலிருந்து மீட்பது இந்த ஒரு வேலைதான்.

போனக்காடு வரை மேலே போகிறவர்கள் பார்க்கும் இன்னொரு காட்சி உண்டு. உற்பத்தி நின்றுபோன தேயிலை எஸ்டேட். ஜன்னல் உடைந்து, இயந்திரங்கள் துருவேறி நிற்கும் தொழிற்சாலை. பேய் பங்களா என்று கதை கட்டி இளைஞர்கள் படம் எடுக்க ஓடும் பழைய துரை பங்களா. அதற்குக் கீழே வரிசையாக லயங்கள். எஸ்டேட் மூடிய பிறகும் போக இடமில்லாத தொழிலாளர் குடும்பங்கள் அங்கே தங்கிவிட்டன. சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இவர்கள். பழுது பார்க்க ஆளில்லாத லயங்களின் ஓடு உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட், அது பறக்காமல் இருக்க மேலே கல். சீலன்ட், பியூட்டைல் பட்டை எல்லாம் பேசிக்கொண்டு மேலே வருகிறவர்கள் காரை நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கூரைகளுக்கு எதிரேதான். ஜூன் மழை இரண்டுக்கும் ஒரே நாளில்தான் தொடங்குகிறது.